படிப்புத் தெரியும் கண்ணாடி

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு ஸ்டூடியோ. விசா நீட்டிப்புக்குப் படம் எடுக்க உட்கார்ந்திருக்கிறேன். தடித்த கறுப்பு பிரேம் போட்ட என் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றியதும் கொழும்பு முழுவதும் கரைந்துபோகிறது.

படம் எடுத்து முடிந்து எழுந்தால், மஞ்சள் சேலை ஒன்று என்னை நோக்கி வருகிறது.

"குறை நினையாதேங்கோ தம்பி. உங்கட கண்ணாடியை மகனுக்கு ஒருக்காத் தருவீங்களோ? கலியாணத்துக்குப் பொம்பிளை வீட்டுக்கு அனுப்பிற படம்."

பின்னால், கட்டம் போட்ட சட்டை ஒன்று நெளிகிறது.

"அவருக்குப் பார்வை குறைவா?"

"சீச்சீ, நல்ல பார்வை. சொப்ட்வெயார் இன்ஜினியர். ஆனா முகத்தில படிப்புத் தெரியுதில்லை. இப்ப இந்தத் தடிச்ச பிரேம்தானே ஸ்டைல். பொம்பிளை வேற கனடாவில."

கொடுக்கிறேன். பவர் மைனஸ் ஏழு. ஒரு ஸ்டூல் விழும் சத்தம் கேட்கிறது. பிறகு கமராக்காரர் கத்துகிறார்: "அண்ணை, அது கோட்டு மாட்டுற ஸ்டாண்ட். கமரா இஞ்சால!"

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பதான் விஞ்ஞானி மாதிரி இருக்கிறான்." என் பக்கம் திரும்புகிறார். "தம்பி எந்த யூனிவர்சிற்றியில படிச்சனீங்கள்?"

"பத்தாவது ஃபெயில்மா. மதுரையில பரோட்டாக் கடை வச்சிருக்கேன்."

மஞ்சள் சேலை கமராக்காரர் பக்கம் நகர்கிறது. அவரிடம் மெதுவாகச் சொல்கிறது:

"எதுக்கும் கண்ணாடி இல்லாமலும் ஒண்டு எடுங்கோ."