‘திரே’ என்றால் இழு

அந்தக் கோடையில் எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் ஒரு நீண்ட, ஒடுக்கமான படகை வாடகைக்கு எடுத்தார்கள். மொன்றியலுக்கு வெளியே, ஒரு காலத்தில் மரமும் நிலக்கரியும் போன ஷாம்ப்ளி கால்வாயில் ஒருநாள் பயணம். லாசாலில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு அக்கா எங்களைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். தண்ணீரில் போக எனக்கு விருப்பமில்லை. வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

மகளுக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. காதில் குறையில்லை என்றார் டொக்டர். வீட்டில் ஒரே மொழியில் பேசிப் பாருங்கள் என்றார் கார்டெரியில், பகல் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கும் பெண். சொன்னதையெல்லாம் செய்தேன். ஆனால் அவள் பேசாததற்குக் காரணம் நான்தான் என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்கு முன்பே கனடா வந்துவிட்ட கணவரிடமும் சொன்னதில்லை.

“இதுக்கோ கால்வாய் எண்டு பேர்? எங்கடை தோட்டத்து வாய்க்கால் இதைவிட அகலம்” என்றார் அக்கா, சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்தபடி.

“நீங்கள் நடுவிலை இருங்கோ அக்கா. ஒரு பக்கமா இருந்து எங்களையும் கவிட்டுப்போடுவியள்” என்றார் என் கணவர்.

“உனக்கு இண்டைக்கு ரோல்ஸ் இல்லை, தம்பி.”

தொடக்கத்திலேயே படகு மூன்று படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு படியும் இரு முனையிலும் கதவு வைத்த ஒரு கல்தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை விடுவார்கள். தண்ணீரோடு படகும் ஏறும். அங்கே கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இதை இரண்டு தடவை படித்திருந்தேன். படித்தது உதவவில்லை.

கதவு மூடியது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த ஈரச் சுவர். வெயில் மேலேயே நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்தினார்கள். அதுதான் என்னைக் கலக்கியது: படகு நிறைய ஆட்கள், யாரும் சத்தம் போடவில்லை. கணவர் முன்னால், படகு ஆடாமலிருக்க மேலேயிருந்து விட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடியிலிருந்து தண்ணீர் குமுறிக்கொண்டு வந்தது. மேலே விளிம்பில் நின்ற, கால்வாயில் வேலை செய்யும் பெண் கத்தினாள்: “திரே! திரே!”

நான் மகளைப் படகின் தளத்தில் கிடத்தி, அவள்மேல் கவிழ்ந்து, வாயைப் பொத்தினேன்.

“என்னப்பா செய்யிறீர்? கயித்தை இழுக்கச் சொல்லுறாள்!” கணவரின் குரல்.

அக்காதான் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். “கையை எடு பிள்ளை. குழந்தை மூச்சு விடட்டும்.”

சிலர் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல. பிரெஞ்சு வகுப்பில் நல்ல புள்ளி வாங்கியவள் நான். ‘இழு’ என்ற பொருளில் அந்தச் சொல்லைக் கடைக்கதவுகளில் தினமும் பார்க்கிறேன். ஆனால் முதலில் அதைக் கேட்டது எங்கள் அகதி விசாரணையில். நான் ‘சுட்டார்கள்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்ப்பாளர் ‘திரே’ என்றார். இழுப்பதற்கும் சுடுவதற்கும் அவர்களிடம் ஒரே சொல்.

இரண்டாவது தொட்டியில் கணவர் கயிற்றை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“பயந்துபோனீர், சரி. வாயை ஏன் பொத்தினீர்?”

சொன்னேன். யாழ்ப்பாணக் கடலேரியைப் படகில் கடந்தபோது மகளுக்கு ஐந்து மாதம். எங்கோ சூட்டுச் சத்தம் கேட்டது. படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். பிள்ளை அழத் தொடங்கினாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எவ்வளவு நேரம் பொத்தினீர்?”

“தெரியேல்லை. சத்தம் போனாப்பிறகும் எடுக்கேல்லை. பிள்ளை அசையாமல் கிடந்தாள். அப்பவும் எடுக்கேல்லை.”

அவர் என் கையைப் பார்த்தார். ஆறுதல் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். திட்டியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார்.

மூன்றாவது தொட்டியில் அவளைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கயிற்றைப் பிடிக்க வைத்தார். தண்ணீர் ஏறத் தொடங்கியது.

“திரே!” என்றாள் மேலே நின்றவள்.

“தியே!” என்றாள் என் மகள்.

“கேட்டியளோ? பிள்ளை கதைக்கிறாள்!” அக்கா எழும்பிய வேகத்தில் படகு ஆடியது. “முதல் சொல்லே பிரெஞ்சு! தமிழைக் காணேல்லை!”

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மறுபடியும் சொன்னாள், இன்னும் உரத்து. ஈரச் சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின. அவளால் பேச முடிகிறது; நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் எந்தச் சொல்லைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதப் பிள்ளைக்கு எது நினைவிருக்கும் என்றும் தெரியவில்லை. கணவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் பிள்ளையை என்னிடம் நீட்டவில்லை.

தொட்டி நிரம்பும்வரை அவள் கத்திக்கொண்டே இருந்தாள். நான் என் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.