தனிக்குடித்தனம் கேட்ட யூனியன்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஓட்டெடுப்பு. டாக்டர்களுக்கு இல்லை. சலவை, சமையல், பெருக்கித் துடைக்கிற வேலை, நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற வேலை — இந்த ஆட்களுக்கு. கேள்வி ஒன்றே ஒன்றுதான். நம்முடைய யூனியன் தாய்ச் சங்கத்தோடு இருக்க வேண்டுமா, பிரிந்து தனியாகப் போக வேண்டுமா?

எனக்கு ஓட்டு கிடையாது. ஆள் வராத நாளில் கூப்பிட்டால் போய், படுக்கை விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டு வருகிற கிழவன் நான். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில் மகன் வீடு. “உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” என்பான். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அதற்கு இந்தச் சலவை மெஷின் சத்தம் தேவலை. நாலு மனுஷக் குரலும் சேர்ந்து வருகிறது அல்லவா?

ஓட்டு இல்லாதவனுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். பார்த்தேன்.

இங்கே ஊர் யூனியனை ‘லோக்கல்’ என்கிறார்கள். அதற்கு மேலே வாஷிங்டனில் ஒரு தாய்ச் சங்கம் இருக்கிறது. அதை ‘இன்டர்நேஷனல்’ என்கிறார்கள். எந்தெந்த நாட்டில் இருக்கிறது என்று விசாரித்தேன். அமெரிக்கா... கனடா. அவ்வளவுதான்! பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டாலே இன்டர்நேஷனல் ஆகிவிடலாம்போல.

லோக்கல் பக்கம் நிற்கிறவள் டெஸ்ஸி. பிலிப்பைன்ஸ்காரி. ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்த்து, அப்புறம் யூனியன் வேலைக்குப் போனவள். குள்ளமான உருவம், பெரிய குரல். அவள் இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன்: “எங்க சம்பளம், எங்க லீவு எல்லாத்தையும் வாஷிங்டன்ல உக்காந்துகிட்டு, எங்களைக் கேக்காமலே கம்பெனிகூடப் பேசி முடிச்சிடறாங்க. அப்புறம் நாங்க எதுக்கு?”

தாய்ச் சங்கம் அனுப்பிய ஆள் கிரெக். நெட்டையன். இந்த வெயிலிலும் டை கட்டியிருப்பான். அவன் சொல்கிறான்: “தனியாப் போனா நீங்க சின்னக் கூட்டம். கம்பெனி ஊதினா பறந்துடுவீங்க.”

இரண்டும் நியாயமாகத்தானே இருக்கிறது? மாமியார் பேசும்போது மாமியார் சரி, மருமகள் பேசும்போது மருமகள் சரி என்று சில வீடுகளில் தோன்றுமே... அதேதான். மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள். மாமியார், போவதானால் போ, வீடு என் பெயரில் இருக்கிறது, பாத்திரமும் என்னுடையது என்கிறாள். நிஜமாகவே அப்படித்தான் நடந்தது. ஒருநாள் யூனியன் ஆபீசுக்குத் தாய்ச் சங்கத்துக்காரர்கள் புதுப் பூட்டு போட்டுவிட்டார்கள். டெஸ்ஸியும் அவள் ஆட்களும் கார் பார்க்கிங்கில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஃபோன் பேசினார்கள். காபி மெஷின் யாருக்குச் சொந்தம் என்றுகூட வக்கீல்கள் பேசிக்கொள்கிறார்களாம்!

எனக்கு இதெல்லாம் புதுசு. தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் நான். அங்கே யூனியன் பிரிவதென்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். சாயங்காலம் இரண்டு தலைவர்களுக்குள் வாய்த்தகராறு வரும். காலையில் வந்து பார்த்தால் டீக்கடைக்கு எதிரே புதுக் கொடிக்கம்பம் நிற்கும். கம்பத்துக்குப் போட்ட சிமென்ட் காய்வதற்குள் அதிலும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரே கேட்டில் ஏழெட்டுக் கொடி பறக்கும். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்துப் போட்டோ எடுப்பார்கள்.

“இங்கயும் நீங்க பாட்டுக்கு ஒரு கொடிய நட வேண்டியதுதான?” என்று டெஸ்ஸியிடம் கேட்கும்படி பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே ஓர் இடத்துக்கு ஒரே யூனியன்தான், முதலில் ஆட்களிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்க வேண்டும், பிறகு அரசாங்கத்து ஆட்கள் வந்து ஓட்டெடுப்பு நடத்துவார்கள் என்றாள். பிரிந்து போவதற்கு இவ்வளவு ஏற்பாடா? சேர்வதற்குக்கூட நாங்கள் இத்தனை பாடுபட்டதில்லையே!

டெஸ்ஸியிடம் நான் சொன்னதை இங்கிலீஷில் சொன்னவள் ரோஸ்மேரி. நாகர்கோவில் பெண். சலவைப் பகுதியில் எனக்கு எதிர் மேஜை. இந்தக் கதையே அவளைப் பற்றியதுதான். சுற்றி வளைத்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

ரோஸ்மேரியின் கணவனுக்கு இங்கே இருந்த கம்ப்யூட்டர் வேலை போய்விட்டது. டெக்சஸில் கேட்டி என்கிற ஊரில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, நாலு பேரோடு ஒரே அபார்ட்மென்டில் இருக்கிறான். அந்த வேலையில் மருத்துவ இன்சூரன்ஸ் கிடையாது. குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் ரோஸ்மேரியின் சலவை வேலையில்தான் வருகிறது. சின்னப் பெண் ஒருத்தி, டேகேரில். டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடும். பகல் ஷிப்ட் என்றால் இவளே போய்க் கூட்டி வந்துவிடலாம்.

அந்தப் பகல் ஷிப்டில்தான் சூப்பர்வைசர் கை வைத்தார். புதிதாக வந்த ஒருவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு இவளைச் சாயங்கால ஷிப்டுக்குத் தள்ளிவிட்டார். பழைய ஆளுக்குத்தான் முதல் உரிமை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். டெஸ்ஸி புகார் கொடுத்தாள். மேனேஜர் முன்னால் விசாரணை, ஹியரிங் என்கிறார்கள், அதற்கு நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் குழந்தையைச் சர்ச் தோழி ஒருத்தி கூட்டி வந்தாள். அந்தத் தோழியும் மாதக் கடைசியில் டல்லாஸ் பக்கம் ஆலனுக்கு வீடு மாறிப் போகிறாள். ஹியரிங்கில் தோற்றால் ரோஸ்மேரி வேலையை விட வேண்டியதுதான். வேலையோடு இன்சூரன்ஸும் போகும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கையெழுத்து வேட்டை ஆரம்பித்தது.

சனிக்கிழமை டெஸ்ஸி ரோஸ்மேரியின் வீட்டுக்குப் போனாள். ரோஸ்மேரி டீ போட்டு, முந்திரிக்கொத்து வைத்து, பிரிந்து போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் கிரெக் நிற்கிறான். அவனுக்கும் டீ. அவனுக்கும் முந்திரிக்கொத்து. சேர்ந்தே இருப்போம் என்று அவனுக்கும் கையெழுத்து!

“ஏம்மா, ரெண்டுலயுமா போட்ட?” என்றேன்.

“வீடு தேடி வந்திருக்காங்க அங்கிள். ஒருத்தருக்குப் போட்டுட்டு இன்னொருத்தர்ட்ட எப்படி முடியாதுன்னு சொல்லுறது? மூஞ்சி வாடிராதா?”

“அது கையெழுத்தும்மா. மொய் இல்ல.”

“கிரெக் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு அங்கிள். அப்படிப்பட்ட ஆள்ட்ட எப்படிச் சொல்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நம் ஆட்களில் எத்தனை பேர் இப்படி! வேண்டாத பாலிசி எடுத்தவர்கள், புரியாத சீட்டில் சேர்ந்தவர்கள்... கேட்டுப் பாருங்கள். எல்லாம் வாசலில் நின்றவரின் முகம் வாடக்கூடாதே என்றுதான்.

அடுத்த வாரம் காஃபிடேரியாவில் இரண்டு கட்சியும் ஆதரவாளர் பெயர்களை அச்சடித்து ஒட்டினார்கள். இந்தச் சுவரில் ரோஸ்மேரி. அந்தச் சுவரிலும் ரோஸ்மேரி. சமையலறைக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையாவது தாங்கிக்கொள்ளலாம். டெஸ்ஸியின் கோபத்தைத்தான் தாங்க முடியவில்லை.

“ஹியரிங்குக்கு கிரெக்கையே கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டாள்.

ரோஸ்மேரி கிரெக்கிடம் போனாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டே, “அது டெஸ்ஸி எடுத்த கேஸ். அவளே முடிக்கட்டும்” என்றான்.

ரோஸ்மேரி மேஜைக்கு வந்து துண்டு மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். “ரெண்டு பேரும் இல்லேன்னுட்டாங்க அங்கிள்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ மட்டும் போய்ப் பேச முடியாதா?”

“எனக்கு வேலை தெரியும். அந்தச் சட்டமெல்லாம் எனக்கு எங்க தெரியும்?”

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். காஃபிடேரியா நிறைய ஆள். வாசலுக்கு இந்தப் பக்கம் டெஸ்ஸி நோட்டீஸோடு நிற்கிறாள், அந்தப் பக்கம் கிரெக். சாயங்கால ஷிப்டுக்கு முன்கூட்டியே வந்த ரோஸ்மேரி தட்டை எங்கள் மேஜையில் வைத்தாள். நேரே போனாள். இரண்டு பேருக்கும் நடுவே நின்றாள். எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, சின்னச் சின்ன இங்கிலீஷில்தான் பேசினாள்.

“நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தீங்க. நான் முடியாதுன்னு சொல்லல. இப்ப நான் உங்ககிட்ட வந்திருக்கேன். செவ்வாய்க்கிழமை ஹியரிங். யார் வர்றீங்க?”

சத்தம் போடவில்லை. ஆனால் ஸ்பூன் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. சமையல்காரர், வண்டி தள்ளுகிறவர், சலவை மேஜைக்காரர்... எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஓட்டு இருக்கிறது! அதை முதலில் கண்டுகொண்டவள் டெஸ்ஸிதான்.

“நான் வர்றேன்” என்றாள்.

“நானும் வருவேன்” என்றான் கிரெக், ஒரு மூச்சு தாமதமாக.

ஹியரிங்குக்கு என்னைச் சாட்சி என்று கூட்டிப்போனாள் ரோஸ்மேரி. மேனேஜர் அம்மா மேஜைக்கு எதிரே யூனியன் ஆளுக்கென்று ஒரே நாற்காலிதான் போட்டிருந்தார்கள். டெஸ்ஸி உட்காரப் போனாள். கிரெக் அதன் முதுகைப் பிடித்தான். இந்த லோக்கலுக்கு இப்போது பொறுப்பு தாய்ச் சங்கம்தான் என்றான். இந்த ஆட்களுக்குப் பொறுப்பு நான் என்றாள் அவள். மேனேஜர் அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. “முதல்ல நீங்க யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. ஹியரிங்கை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாம்” என்றார்.

அடுத்த மாதமா? தோழி போய்விடுவாளே! குழந்தையை யார் கூட்டி வருவது?

ரோஸ்மேரி எழுந்தாள். தன் நாற்காலியை கிரெக் பக்கம் நகர்த்தினாள். “நீங்க இதுல உக்காருங்க. டெஸ்ஸி அதுல உக்காரட்டும். நான் நிக்கிறேன். ரெண்டு பேரும் எனக்காகத்தான் வந்திருக்காங்க மேடம். இன்னைக்கே பேசிடலாம்.”

இவள் நிற்கும்போது அவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள்? உட்கார்ந்தார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! கிரெக் ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினால், டெஸ்ஸி சலவைப் பகுதியில் யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எந்த ஷிப்ட் என்று அடுக்குகிறாள். அவன் விட்டதை இவள் பிடிக்கிறாள், இவள் மூச்சு வாங்கும்போது அவன் தொடர்கிறான். ஒற்றுமையால் இல்லை. மற்றவர் தன்னைவிட நன்றாகப் பேசிவிடக்கூடாதே என்கிற வயிற்றெரிச்சல்தான். மேனேஜர் அம்மா இந்தப் பக்கம் திரும்பவா, அந்தப் பக்கம் திரும்பவா என்று தவித்துப் போனார்.

என்னிடம் ஒரே கேள்வி. புது ஆள் வருவதற்கு முன்னால் பகல் ஷிப்டில் இருந்தது யார்? “ரோஸ்மேரி” என்றேன். அதோடு என் சாட்சி முடிந்தது. கோட்டு போட்டுக்கொண்டு போனதெல்லாம் வீண்.

பகல் ஷிப்ட் திரும்பக் கிடைத்தது. திங்கட்கிழமை முதல் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஓட்டெடுப்பு முடிவு? தனிக்குடித்தனம் ஜெயித்தது. கொஞ்ச வித்தியாசத்தில்தான். டோனட் கடை ஒன்றை அடுத்து டெஸ்ஸி புது ஆபீஸ் பிடித்திருக்கிறாள். கிரெக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். பழைய ஆபீஸ் யாருக்கு, கொடி யாருக்கு, பாக்கிக் கேஸ்கள் யாருக்கு... எல்லாவற்றுக்கும் வழக்கு. பிரிந்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று பொங்கல் போகட்டும், அப்புறம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் பார்த்தேன். நேற்று காஃபிடேரியாவில் இரண்டு தரப்பும் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ‘சலவைப் பகுதி ரோஸ்மேரியின் வழக்கை வென்று கொடுத்தது நாங்களே!’ அதிலும் அதே வாசகம், இதிலும் அதே வாசகம்.

“நெசமா யாரும்மா ஜெயிச்சுக் குடுத்தா?” என்று கேட்டேன்.

“டிராஃபிக் ஆயிரும் அங்கிள், பிள்ளைய கூப்பிடணும்” என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

யூனியன் என்று ஒன்று வேண்டியிருப்பதே அந்தக் கார் ஆறு மணிக்குள் டேகேருக்குப் போய்ச் சேருவதற்காகத்தான். இதை இரண்டு நோட்டீஸிலும் காணோம்.