இந்த வருஷப் போணி

சளி மாதிரி எடுக்க மூக்கில் குச்சி விடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா புகழவில்லை. காய்ச்சல் கண்காணிப்பு லேபில், கிளினிக்குகளிலிருந்து வரும் ஐஸ் பெட்டிகளை வாங்கி வைக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் நான். சில பெட்டிகளைத் திறந்தால் கோபம் கோபமாக வரும். குச்சியை மூக்குக்குக் காட்டிவிட்டு அப்படியே குழாயில் போட்டது போல வறண்டு கிடக்கும். மேற்குக் கிளினிக் பெட்டி அப்படியில்லை. மூடி இறுக்கமாக இருக்கும், சீட்டு நேராக ஒட்டியிருக்கும், சளி போதுமான அளவு இருக்கும். அது பெரியவள் கை.

பெரியவள் என்பது மேற்குக் கிளினிக் நர்ஸுக்கு நாங்கள் லேபில் வைத்த பெயர். கிழக்குக் கிளினிக்கில் அவளுடைய ஓரகத்தி இருந்தாள், அவள் சின்னவள். அண்ணனை இவளும் தம்பியை அவளுமாகக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். தண்ணீர் மோட்டார் ஒன்று, மாடிப்படி ஒன்று, துணி காயப்போடும் கொடி ஒன்று. இத்தனையும் போதாதென்று வேலையும் ஒன்றாகப் போனது.

எங்கள் வேலையைச் சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். ஊரில் யாருக்கெல்லாம் சளி பிடித்திருக்கிறது என்று வருஷம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு சம்பளமா என்பார்கள். ஆமாம், சம்பளம்தான். காய்ச்சலும் இருமலுமாகக் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். அதில் எத்தனை பேருக்கு ஃப்ளூ, எத்தனை பேருக்கு வேறு வைரஸ் என்று நாங்கள் பார்த்துச் சொல்வோம். எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கத்துக்குச் சுகாதார அலுவலகம் கூடுதல் நர்ஸை அனுப்பும், டாக்டர் வண்டியை அனுப்பும்.

இதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஒரு நாளைக்குக் கொஞ்சம் குழாய்தான், காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களிடம் எடுக்க வேண்டும். லேசாக இருமினாலும் சரி, நடுங்கிக்கொண்டு வந்தாலும் சரி, வந்த வரிசைதான். ஆளைப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. நடுங்குகிறவர்களிடம் மட்டுமே எடுத்தால் ஊரே நடுங்குகிறது என்று எங்கள் கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

ஒவ்வொரு வருஷமும் காய்ச்சல் சீசனில் முதல் ஃப்ளூ பாசிட்டிவ் எந்தக் கிளினிக்கிலிருந்து வருகிறதோ அதைப் போணி என்போம். அதற்குப் பரிசு ஒன்றும் கிடையாது. வாராந்திரக் கூட்டம் போனில் நடக்கும்போது சுகாதார அதிகாரி, "இந்த வருஷப் போணி மேற்கு" என்பார். அவ்வளவுதான். ஆனால் பெரியவளுக்கு அது போதும். எனக்குத் தெரிந்து வருஷா வருஷம் அது அவளுடையதாகத்தான் இருந்தது. மேற்கில் பஸ் நிலையம் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், அதனால் ஃப்ளூவும் அங்கே முதலில் இறங்குகிறது என்று நான் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

"பஸ் ஸ்டாண்டு வந்து குச்சி போடுதா, லேப்பம்மா?" என்பாள்.

சின்னவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். குச்சியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். போன வருஷம் அந்தச் சின்னவள் போணி பண்ணிவிட்டாள்.

ஸ்பீக்கரில் அதிகாரி "போணி கிழக்கு" என்றதும் பெரியவள், "சந்தோஷம் சார், எங்க வீட்டுப் பொண்ணுதானே" என்றாள். குரலில் தேன் சொட்டியது. அடுத்த நாள் பெட்டி கொடுக்க டிரைவரை அனுப்பாமல் அவளே வந்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வீட்ல போய்ப் பாரு, ஒரே கொண்டாட்டம். என் வீட்டுக்காரர் இருக்காரே, அவ வரும்போது எழுந்து நின்னு கைதட்டுறார். நான் இத்தனை வருஷமா பண்ணும்போது பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கினாரா மனுஷன்?"

அன்றிலிருந்து சின்னவள் எது செய்தாலும் இவளுக்கு வயிறு எரிந்தது. அவள் மிக்ஸி போட்டால் வேண்டுமென்றே போடுகிறாள். போடாவிட்டால் கடையில் வாங்கித் தின்கிற திமிர். புது ஜன்னல் திரை வாங்கினாள், அதே நிறத்தில் இவளும் போய் வாங்கினாள், வாங்கி வந்து பார்த்தால் சின்னவளுடையது கொஞ்சம் நீளமாக இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

இந்த வருஷம் சீசன் தொடங்கும்போது அவள் ஆளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

எப்படி என்று பின்னால் அவளே சொன்னாள். லேசான இருமலோடு யாராவது வந்தால், "இது சாதாரணச் சளிங்க, வெந்நீர் குடிங்க, போயிடும்" என்று டாக்டரிடம் அனுப்பிவிடுவாள். குழாயைத் தொடமாட்டாள். கண் சிவந்து, உடம்பு முறித்துப்போட்டாற்போல் ஒருவர் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், "வாங்க வாங்க, உட்காருங்க" என்று உபசாரம் செய்து குச்சியை எடுப்பாள். காலை வரிசையை விட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும்கூட நல்ல நடுக்கத்துக்காகக் காத்திருந்தாளாம். குழாய்க்குள் ஆளின் முகம் தெரியாது. எங்களுக்கு வந்தது வழக்கம் போல அழகான மாதிரிகள்தான்.

போணி மேற்கு. பெரியவள் லேபுக்கே பிஸ்கட் வாங்கி அனுப்பினாள். கிழக்கிலிருந்து சின்னவள் ஸ்பீக்கரில், "வாழ்த்துக்கள்க்கா" என்றாள். "இருக்கட்டும்மா, உனக்கும் வரும்" என்றாள் இவள். அந்த 'உனக்கும்' என்பதை அவள் இழுத்த இழுப்பு இருக்கிறதே, பக்கத்து நாற்காலியில் இருந்த என் சக ஊழியை வாயைப் பொத்திக்கொண்டாள்.

போணியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடுத்த மாதிரியில் நூற்றுக்கு எத்தனை ஃப்ளூ என்று வாரா வாரம் படம் போட்டுப் போனுக்கு அனுப்புகிறார்களே, மேற்குக் கோடு, கிழக்குக் கோடு என்று! தன் கோடு மேலே இருப்பதைப் பார்த்த பிறகு கீழே இறங்க அவளுக்கு மனசு வரவில்லை. பொறுக்கிக்கொண்டே இருந்தாள், கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

அதிகாரி என்ன செய்வார்? கோட்டைப் பார்த்தார். கூடுதல் நர்ஸை மேற்குக்குப் போட்டார். டாக்டர் வண்டியையும் மேற்குக்கே அனுப்பினார். கிழக்கில் சின்னவள் விதிப்படி வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில்தான் உண்மையில் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. தூசுக்கு இருமுகிறவர்களும் அந்த வரிசையில் இருந்ததால் கோடு மெதுவாகத்தான் நகர்ந்தது.

"சார், இங்க கூட்டம் தாங்கல. வாசல் வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க. ஒரு ஆளாவது குடுங்க" என்று ஒரு கூட்டத்தில் சின்னவள் கேட்டாள். மூச்சு வாங்கியது.

"சிஸ்டர், மேற்கைப் பாருங்க, உங்களை விட ரெண்டு மடங்கு இருக்கு. இருக்கிறது ஒரு ஆள்தான். நான் எங்க அனுப்புவேன்?"

பெரியவளும் அதே லைனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்று பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

சின்னவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சு இளைப்பு உண்டு. ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தாள். போட்டவர்களுக்கும் சில சமயம் வரத்தான் செய்யும். தனியாளாக அத்தனை பேர் இருமுவதற்கு நடுவில் நின்றவள் ஒரு நாள் கிளினிக்கிலேயே மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அவளுடைய சளி மாதிரியும் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. ஃப்ளூ.

அடுத்த வாராந்திரக் கூட்டத்தன்று காலையில் பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொழுந்தன் வெளியே பெஞ்சில் கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே சின்னவள் மாஸ்க்குக்குள் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "அக்கா, கிழக்குல இன்னைக்கு யாரு?" என்றாள்.

யாருமில்லை. டாக்டர் ஒருவர்தான், நர்ஸே கிடையாது. பெரியவளால் அதைச் சொல்ல முடியவில்லை. "நீ பேசாம படு" என்று மாஸ்க்கை இழுத்து மூடிவிட்டாள்.

"எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று பிறகு என்னிடம் கேட்டாள். "அந்த நிலைமையிலயும் வேலையைப் பத்திக் கேக்கறா பாரு, நல்ல பேரு வாங்காம சாகக்கூட மாட்டா போல இருக்குன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம்தான் சாகற பேச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு."

அன்று கூட்டத்தில் அதிகாரி வழக்கம் போலக் கோட்டிலிருந்துதான் ஆரம்பித்தார். கிழக்கு நர்ஸ் விரைவில் குணமாக வேண்டும் என்றார். ஆனால் மேற்கில் இன்னும் அதிகம், அதனால் கூடுதல் நர்ஸ் மேற்கிலேயே இருக்கட்டும், கிழக்குக்கு அடுத்த வாரம் பார்ப்போம் என்று முடிக்கப் போனார்.

"சார், அது பொய்க் கோடு" என்றாள் பெரியவள்.

"என்ன சிஸ்டர்?"

"நான் வரிசையில எடுக்கல சார். நடுங்கறவங்களாப் பார்த்துப் பொறுக்கி எடுத்தேன். மேற்குல அவ்வளவு இல்ல. கிழக்குலதான் நிஜமா ஏறுது. நர்ஸை இப்பவே அங்க அனுப்புங்க. வண்டியையும் அனுப்புங்க."

"ஏன்?" என்றார் அதிகாரி.

"என் கோடு மேல இருக்கணும்னுதான் சார். வேற ஒண்ணும் இல்ல."

நாக்கில் நரம்பில்லாமல் பேசினார் அதிகாரி. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இத்தனை வாரமும் அந்தக் கோட்டை நம்பி ஊரைத் தப்பான பக்கம் திருப்பியிருந்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கப் பெரியவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். நர்ஸும் வண்டியும் அன்றைக்கே கிழக்குக்குப் போயின. மேற்குக் கிளினிக்கைக் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிரைவர் போய் ஐஸ் பெட்டி, குழாய், குச்சி எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வந்தான். அங்கே அவளுக்கு ஊசி போடுகிற வேலையும் கட்டுக் கட்டுகிற வேலையும் இருக்கின்றன, சம்பளம் போகவில்லை. ஆனால் அவளுக்கென்று இருந்த ஒன்று போய்விட்டது. அந்தப் பெட்டியை ஜன்னலில் வாங்கியவள், உள்ளே கொண்டுபோய் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவளைத் திட்டவும் தோன்றியது.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். பொது வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் பெரியவள் பார்க்கப் போனாள். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னாள்.

கொழுந்தன் எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்துத்தான் இவள் போனாளாம். சின்னவள் புருஷனைத் தண்ணீர் வாங்கி வரச்சொல்லி வெளியே அனுப்பினாள். அவன் போனதும் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. போன வருஷம் நானும் பொறுக்கித்தான் எடுத்தேன்."

"என்னடி சொல்ற?"

"ஒரே ஒரு தடவைதான்க்கா. வரிசையில இருந்த நாலு பேரை விட்டுட்டு, கடைசியில நடுங்கிட்டு இருந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு எடுத்தேன். எங்க போனாலும் உங்க பேச்சு. உங்க கை, உங்க குச்சி, உங்க போணி. வீட்ல மாமாவும் அதைத்தான் சொல்லுவாரு. ஒரு தடவையாவது உங்களை முந்தணும்னு இருந்துச்சு. அப்புறம் பயந்துபோய் இந்த வருஷம் ஒழுங்கா எடுத்தேன்."

இதைச் சொல்லும்போது பெரியவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பளபளவென்று இருந்தது.

"என் வீட்டுக்காரர் என்னைப் பத்திப் பேசியிருக்கார், லேப்பம்மா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, அவகிட்ட சொல்லியிருக்கார். அவ என்னைப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கா. நான் அவளைப் பார்த்து எரியறதுக்கு முன்னாடியே!"

"அதிகாரிகிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. கிழக்குப் பெட்டி இனிமேலும் வரப்போகிறது, இவளுடையது வராது.

"சொன்னா அவளையும் தூக்கிடுவாங்க. ரெண்டு பக்கமும் இல்லாம போனா நீ இங்க உட்கார்ந்து என்னத்தப் பார்ப்ப? அவ எடுக்கட்டும். நான்தானே சொல்லிக் குடுத்தேன், நல்லாத்தான் எடுப்பா."

இப்படிப் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பி ஜன்னலுக்கே வந்தாள். முகத்தில் இருந்த பளபளப்பு சுத்தமாகப் போயிருந்தது.

"பொறுக்கலாம்னு எனக்கு இந்த வருஷம்தான் தோணுச்சு. அவளுக்குப் போன வருஷமே தோணிடுச்சே" என்றாள். "அதுதான் லேப்பம்மா, என்னால தாங்கவே முடியல."