ஆபீசருக்கு வாங்கிய மாலை

போன வெள்ளிக்கிழமை என் தம்பி மகள் மல்லிகாவுக்கு நிச்சயதார்த்தம். பொழுது விடிந்ததும் விடியாததுமாக எங்கள் வாசலில் சண்டை!

தம்பி ஏழுமலை, லாரிகளுக்கு நம்பர் எழுதுகிற பெயிண்டர். எங்கள் சந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சுற்றிச் சுற்றித் தண்டவாளத்துக்கே போய்ச் சேருவார்கள். அதனால் சில பலகைகளில் ‘மல்லிகா நிச்சயதார்த்தம்’ என்று சிவப்பில் எழுதி, விரல் நீட்டிய கை ஒன்றும் வரைந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்தான். வார்டு ஆபீஸ் மேஸ்திரி கன்னியப்பன் வந்தார். அத்தனையையும் அவிழ்த்துத் தள்ளுவண்டியில் போட்டார்.

“கம்பத்துல எத்தையும் கட்டக்கூடாது நைனா. ரூல்ஸ் கீது. இன்னிக்கி புது ஆபீசர் வராரு.”

அதே கம்பத்தின் உச்சியில் ஒரு கட்சிக்கொடி. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு சினிமா தட்டி. மேஸ்திரி அவற்றை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சட்டத்துக்குக் கழுத்து வலி போலிருக்கிறது... பாவம்.

தம்பி கத்தியதில் தப்பில்லை. மல்லிகாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் இந்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிக்கல் மாப்பிள்ளையின் பெரியப்பாதான். பொன்னேரிக்காரர். வாசலில் நின்று ‘வாங்க’ என்று சொல்ல ஆளில்லை என்பதற்காக ஒரு கல்யாணத்தில் கை நனைக்காமல் திரும்பியவராம். இவர் வழி தெரியாமல் வெயிலில் நின்றால்?

தம்பி மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர ஸ்டேஷனுக்கு ஓடினான். அவர்களோ ரயிலில் கூட்டம் என்று பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். இறங்கிய இடத்துக்கு எதிரேயே வார்டு ஆபீஸ்.

ஆபீஸ் வாசலில் தள்ளுவண்டி. வண்டியில் எங்கள் பலகை. பலகையில் இருந்த விரல் ஆபீசுக்குள்ளே காட்டியது. உள்ளே பார்த்தால் புதுச் சுண்ணாம்பு, கோலம், மாவிலைத் தோரணம், வாடகை நாற்காலிகள்! எல்லாம் ஆபீசருக்காக. ஆனால் நிச்சயதார்த்த வீடு வேறு எப்படித்தான் இருக்கும், சொல்லுங்கள்?

பெரியப்பா ஜரிகை வேட்டி, கோட்டோடு முன்னால் நடந்தார். பின்னால் பெண்கள், பழத்தட்டுகள். புது ஆபீசரை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. கோட்டைப் பார்த்ததும் ஹெட் கிளார்க் பாய்ந்து வந்து ஆளுயர ரோஜா மாலையைப் போட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். குளிரக் குளிரக் கலர் சோடா வந்தது. பெரியப்பா குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம் — “சரி... பொண்ணை வரச் சொல்லுங்க.”

ஆபீசில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லையாம்.

மேஸ்திரிக்கு மட்டும் விளங்கிவிட்டது. மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். வீட்டில் பேசத் தெரிந்த ஆண் யாருமில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று என்னவென்று கேட்டேன்.

“பேஜாராப் பூட்ச்சிக்கா. உன் சம்பந்தி வூட்டாரு எங்க ஆபீஸ்ல குந்திகினு கீறாங்க. ஆபீசர் மாலை அந்தப் பெரியவரு கய்த்துல. ஹெட் கிளார்க்கு அத்தக் கயட்டி வாங்கியாங்கிறாரு.”

கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றிக் கேட்டால் அந்த மனிதர் பொன்னேரி போய்த்தான் நிற்பார். மூன்றாவது இடமும் போச்சு! மல்லிகா அடுப்படியிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாலையைக் கேக்காதே. அது பொண்ணு வூட்டு மாலைன்னு சொல்லு. வரவேற்பு மெயின் ரோட்டுல, பலகாரம் வூட்டுலன்னு சொல்லி மரியாதையா இட்டுகினு வா.”

“அப்போ ஆபீசருக்கு இன்னாக்கா பண்றது?”

“அவரு இன்னா பொண்ணு பாக்கவா வராரு?”

எங்கிருந்து எனக்கு அந்த வாய் வந்ததோ, தெரியாது. மேஸ்திரி தலையைச் சொறிந்தபடி போனார்.

கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் வந்தது. மேஸ்திரி முன்னால். வழி தவறிவிடக் கூடாதே என்று எங்கள் பலகையைத் தோளில் தூக்கிப் பிடித்திருந்தார். கம்பத்தில்தானே கட்டக்கூடாது, மேஸ்திரியில் கட்டலாம் போல. மாலையோடு பெரியப்பா. தெருவே வேடிக்கை பார்த்தது. காலி ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு அழாத குறையாய்த் திரும்பிய தம்பி வாயைத் திறந்தான். நான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

நிஜ ஆபீசருக்கு அன்று ஓர் எலுமிச்சம்பழம்தான் கிடைத்ததாம். சட்டமும் மாலையும் ஆள் பார்த்துத்தான் விழும். என்றைக்காவது ஒருநாள் இப்படிக் கை தவறும்... அன்றைக்கு எங்களைப் போன்றவர்கள் சத்தம் போடாமல் இருந்துவிட வேண்டும்.

தாம்பூலம் மாற்றியாயிற்று. தேதியும் குறித்தாயிற்று. மல்லிகா சிரித்துவிட்டாள். பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“கல்யாணத்துக்கும் வரவேற்பு அதே எடத்துல இருக்கணும். அந்த மரியாதைக்குத்தான் சம்மதிச்சேன்.”

தம்பி சந்தோஷத்தில் சரியென்று தலையாட்டிவிட்டான். ஆபீசரிடம் யார் போய்க் கேட்பது என்பதுதான் பாக்கி!