கப்பலிலிருந்து வந்த ரஜாய்

என் வீட்டில் இரண்டு ஆண்கள். இரண்டு பேருக்கும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கணவருக்கு ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தக் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன். அவர் அங்கே என்ன செய்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "வேலைதான்" என்பார். மகன் கடற்படையில் சேர்ந்தபோது, இவனாவது நாலு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். அவன் அப்பாவையும் மிஞ்சினான்.

எல்லையில் சண்டை மூண்டபோது அவனுடைய கப்பலைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் பார்சல்களைப் பார்த்துத்தான். படைவீரர்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய், நேராகக் கடற்கரை மணலில் மூக்கை வைத்து, முன்கதவைத் திறந்து இறக்கிவிடுகிற கப்பல் அது. முதலில் அவனுடைய புத்தகங்கள் வந்தன. அப்புறம் திரைச்சீலை, தலையணை, கேரம் போர்டு.

"எதுக்குல இதையெல்லாம் அனுப்புத?" என்று போனில் கேட்டேன்.

"இடம் வேணும்மா. அதுக்கு மேல கேக்காதே."

கணவர் அந்தத் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தீப்பிடிக்கிற எதையும் கப்பல்ல வச்சுக்கிட மாட்டாங்க" என்றார். சண்டைக்குப் போகிற கப்பலில் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

கடைசிப் பெட்டியில் ஒரு ரஜாய் இருந்தது. பஞ்சு வைத்துக் கையால் தைத்த கனத்த போர்வை. அது என் மகனுடையது இல்லை, அவனோடு ஒரே அறையில் இருந்த பையனுடையது. வடக்கே பனிமலைப் பக்கத்துக்காரன். நான் மகனோடு பேசும்போதெல்லாம் போனைப் பிடுங்கி, "மாஜி, சாப்பிட்டீங்களா?" என்று இந்தியில் கேட்பான். என் ஹைதராபாத் இந்தி அவனுக்குப் பெரிய வேடிக்கை. நான் 'ஏன்' என்பதற்கு "கைக்கு" என்றோ 'வேண்டாம்' என்பதற்கு "நக்கோ" என்றோ சொன்னால் போதும், அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பான். என் வீட்டு ஊமைகளுக்கு நடுவில் எனக்கு வாய்த்த ஒரே வாயாடி அவன்தான்.

"ராணுவத்துப் பசங்க இங்கே வந்திருக்காங்க மாஜி. பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. ஒரே வாந்தி! லைஃப் ஜாக்கெட் மாட்ட நாங்கதான் சொல்லித் தர்றோம். கரன்ட் போயிட்டா வெளியே வரணுமே, அதுக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு மேல்தளத்துக்கு வழி கண்டுபிடிக்கணும். உங்க மகன் நேத்து என் மூக்கிலேயே மோதிட்டான்." அதற்குள் மகன் போனைப் பிடுங்கிவிட்டான்.

ரஜாயை ஏன் இங்கே அனுப்பினான் என்று கேட்டதற்கு அந்தப் பையனே சொன்னான்: "அதை எங்க அம்மா தைச்சாங்க. திடீர்னு அது வீட்டுக்கு வந்து நின்னா பயந்துடுவாங்க. உங்ககிட்ட இருக்கட்டும், திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

எனக்கும் பயம்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. நாற்றத்தைப் பற்றித்தான் சொன்னேன். டீசலும் வியர்வையும் தலைக்குத் தேய்க்கிற கடுகெண்ணெயும் சேர்ந்து, பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. "இதைத் துவைக்காமல் என் வீட்டு அலமாரியில் வைக்க மாட்டேன்" என்றேன். அழுக்கு விஷயத்தில் நான் மோசம். திரைச்சீலையைக்கூட இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் மடித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. பஞ்சு நனைந்து காயாவிட்டால் வீணாகிவிடும் என்று ரஜாயை ஒரு நாற்காலியில் போட்டு வைத்தேன்.

வெயில் வந்த அன்று காலையில் வாளியில் சோப்புப் பொடியைக் கரைத்தேன். ரஜாயைத் தூக்கும்போது போன் அடித்தது. பல நாள் கழித்து மகன்.

"நல்லா இருக்கியால?"

"நான் நல்லா இருக்கேம்மா."

அந்த 'நான்' என்பதை அழுத்திச் சொன்னான். "அவன் போயிட்டாம்மா. கரையில இறக்குற பயிற்சி. அலை இழுத்துட்டுப் போயிடுச்சு."

முதலில் வந்தது நிம்மதி. என் பிள்ளை பேசுகிறான், என் பிள்ளை இருக்கிறான். அடுத்த நொடி அந்த வாயாடிப் பையனின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்படி, எங்கே, யாரும் பிடிக்கவில்லையா என்று கேட்க எத்தனையோ இருந்தது. வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டே வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

சில நாளில் சண்டை நின்றது. அந்தக் கப்பல் எந்த எதிரிக் கரைக்கும் போகவே இல்லை. திரைச்சீலையைத் திருப்பி அனுப்பச் சொன்னான் மகன். அந்தப் பையனின் வீட்டு விலாசத்தையும் அனுப்பினான்.

ரஜாயை என் பழைய காட்டன் புடவையில் சுற்றி, ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொவைக்கலையா?"

நான் அடுத்த தையலைப் போட்டேன். அவர் உட்கார்ந்து, நான் தைப்பதற்கு வசதியாகத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பார்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சமயத்தில், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல். மலைப்பக்கத்துப் பேச்சு, எனக்குப் பாதி விளங்கவில்லை. நான் யாரென்று இந்தியில் சொன்னேன். மறுமுனையில் துணி உரசுகிற சத்தமும், மூச்சை ஆழ இழுக்கிற சத்தமும் கேட்டன. பிறகு, எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி இந்தியில் சொன்னாள்:

"நீங்க இதைத் துவைக்கலை."

"இல்லம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.