மேல்மாடிக் கைத்தடி சும்மா இருந்த நாள்

போன மாதம் எங்கள் மலாக்கா புக்கிட் ரம்பாயில் ஒரு கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். அது செய்த அட்டகாசம் எல்லாம் அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது!

மாணிக்கம் அண்ணன் கடையைச் சொல்கிறேன். போட்டோஸ்டாட், கல்யாணக் கார்டு, பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் பிரிண்ட்... எல்லாம் அங்கேதான். பழைய கடைவீடு. கீழே கடை, மேலே பலகைத் தளம் போட்ட வீடு.

அந்தக் கடையில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்கும். டொக்... டொக்... புதிதாக வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணன் பார்க்க மாட்டார். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு மூலையில் இருக்கும் இன்டர்நெட் மோடத்தை அணைப்பார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் போடுவார்.

"மேல லைன் போச்சு" என்பார், வேறொன்றும் சொல்லாமல்.

மேலே இருப்பது புனிதா. அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. கணவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அப்பாவைத் தனியாக விட்டு எங்கே போவது? நல்லவேளையாகக் கோலாலம்பூர் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில், வீட்டில் இருந்தே இன்டர்நெட் வழியாக வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை கிடைத்தது. லைன் கொடுத்தது மாணிக்கம் அண்ணன். இனாமாக!

"மேல ஒரு புள்ள கஷ்டப்படுது. நான் கீழ வயர வச்சிக்கிட்டு வேடிக்க பாக்கவா?" என்று கேட்டவர் அவர்.

லைன் அறுந்தால் புனிதா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிவர முடியாது. அதனால் அப்பாதான் இடது கையால் கைத்தடியைத் தரையில் தட்டுவார். பேச்சு போன பிறகு அவர் பார்க்கும் ஒரே உத்தியோகம் அது. அதை அவ்வளவு அக்கறையாகச் செய்வார், பாவம்.

சமீப காலமாக அவருக்கு ஓவர்டைம் ஆகிவிட்டது. காலையில் டொக் டொக், சாப்பாட்டு நேரத்தில் டொக் டொக். பாதிப் பேச்சில் லைன் அறுந்துபோனால் எந்த வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்? இப்படியே போனால் கோலாலம்பூருக்கு வந்து ஆபீஸில் உட்கார வேண்டியதுதான் என்று புனிதாவின் மேலாளர் சொல்லிவிட்டார். அங்கே போனால் அப்பாவுக்குச் சோறு ஊட்டுவது யார்? போகாவிட்டால் வேலை இல்லை.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஆபீஸ் ஐ.டி. ஆள் அவளிடம் ஏற்கனவே சொல்லியிருந்தார் - 'உன் லைனில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டர் நாள் முழுக்க எதையோ வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வைரஸாக இருக்கும்' என்று. அந்த லைனில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டர் எது? கீழே கடையில் இருப்பதுதான்!

"அண்ணன்கிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"எப்பிடிக்கா சொல்றது? ஓசியில லைன் குடுக்குற மனுசன். ஒங்க கம்ப்யூட்டராலதான் என் வேல போவப் போவுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லவா?"

"சரி, நான் சொல்லட்டுமா?"

"வேணாங்க்கா, பிளீஸ்லா. அவரு மனசு கஷ்டப்படும்."

அண்ணனின் கம்ப்யூட்டர் எப்படிக் கெட்டது? அவருடைய நல்ல குணத்தால்தான்! முன்பு அதில் ஆன்டிவைரஸ் இருந்தது. வாடிக்கையாளர் பென்டிரைவைச் செருகினால் போதும், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "கடைக்கு வந்தவங்கள வாசல்லயே நிறுத்தி சோதன போடறதா? நல்லாவா இருக்கு?" என்று அதையே தூக்கிவிட்டார். அப்புறம் என்ன? ஊரில் இருக்கிற பென்டிரைவ் எல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து போயின.

கம்ப்யூட்டர் அவருடையது. அவர் இஷ்டம். ஆனால் லைன் ஒன்றுதானே? ஒரே தண்ணீர்த் தொட்டியில் இரண்டு வீடு இருந்து, கீழ்வீட்டுக் குழாய் திறந்தே கிடந்தால் மேல்வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராது. கீழ்வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது. அவர் வீட்டில்தான் தண்ணீர் வருகிறதே!

ஆயுத பூஜை வந்தது. மாணிக்கம் அண்ணன் கடையில் அன்று முழுவதும் எல்லா மெஷினுக்கும் ஓய்வு. போட்டோஸ்டாட் மெஷின், கட்டிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்து, அணைத்து, பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார். மோடத்துக்கும் ஒரு பொட்டு. அது மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மட்டும் லீவு இல்லியா அண்ணே?" என்றேன்.

"புனிதாவுக்கு இன்னிக்கி வேல இருக்குல்ல?"

சுண்டலை மென்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கு ஏனோ பேச்சில் கவனம் இல்லை. அடிக்கடி மேலே பார்த்தார்.

"என்னாம்மா, இன்னிக்கி இன்னும் தட்டலியே..."

"நல்லதுதானே அண்ணே?"

"நல்லதா? காலையிலேர்ந்து ஒரு சத்தமும் இல்ல. பெரியவருக்கு எதுனா ஆயிருச்சோ?"

சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். கையில் சுண்டல் கிண்ணம், காலில் செருப்பு இல்லை. படியில் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே புனிதா சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில், மடியில் கைத்தடியோடு, வேலை இல்லாத கடுப்பில் எங்களை முறைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

புனிதா பேசி முடித்துவிட்டுத் துள்ளி எழுந்தாள். "அண்ணே! இன்னிக்கி ஒரு தடவகூட லைன் கட்டாவல. என்னா பண்ணீங்க?"

"நானா? ஒண்ணும் பண்ணலியேம்மா. பூஜைக்குன்னு கம்ப்யூட்டர அடச்சி..."

அப்படியே நின்றுவிட்டார். புனிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு முன்னயே தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"எப்பிடிண்ணே சொல்றது..."

மாணிக்கம் அண்ணன் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். "நான் குடுக்கறேன், குடுக்கறேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இந்தக் கையாலயே புடுங்கிக்கிட்டும் இருந்திருக்கேனேம்மா..."

பேச முடியாத பெரியவர்தான் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு, இடது கையை நீட்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவே இல்லை.

மறுநாள் அண்ணன் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. மலாக்கா டவுனிலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் பார்த்துவிட்டு, இந்தக் கம்ப்யூட்டர் உலகத்தில் யார் யாருக்கோ குப்பை ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

"என் கடையிலேர்ந்தா? முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கா?" அண்ணனுக்கு இது இன்னொரு அடி.

இப்போது கம்ப்யூட்டர் சுத்தம். ஆன்டிவைரஸ் திரும்ப வந்துவிட்டது. கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: 'பென்டிரைவைச் சோதித்த பிறகே பிரிண்ட். தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.' எனக்குத் தெரிந்து யாரும் கோபிக்கவில்லை.

புனிதாவின் லைன் அறுவதே இல்லை. கோலாலம்பூர்ப் பேச்சை மேலாளர் இப்போது எடுப்பதில்லையாம்.

ஆனால் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. சாயங்காலமானால் டொக்... டொக்... அண்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பியோடு மேலே போகிறார். இருவரும் பேசாமல் உட்கார்ந்து குடிக்கிறார்கள். பெரியவருக்கு உத்தியோகம் போகவில்லை, பதவி உயர்வுதான்!

வாசகர்களே, உங்கள் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள். அதனால் மேல்வீட்டில் யாரோ கஷ்டப்படலாம். நல்லவர்களாக இருந்தால்... அவர்கள் உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.