மணிவேல் பெயரில் ஒரு பல்லி

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் நதியா ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் ‘அண்ணன்’ என்று இருந்ததால் அவள் எடுக்கவில்லை. மதியம் அவனோடு போட்ட சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாம் முறைதான் எடுத்தாள்.

“ஏம்மா, இந்த போனுக்காரரு உங்களுக்கு இன்னா வேணும்?”

“எங்கண்ணன். நீங்க யாரு?”

“எம்பேரு ஆதிநாராயணன்மா. கண்ணமங்கலம். புளி ஏத்தறதுக்கு மேல வந்துனு இருந்தேன். அமிர்தி ரோட்டு வளைவுல வண்டி வுழுந்து கெடக்குது. உங்க பக்கத்துல யார்னா இருக்கறாங்களாம்மா?”

பக்கத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். இருக்கிறார்கள் என்றாள்.

“ஆளு போய்ட்டாரும்மா” என்றார் அவர். பிறகு, நல்லதாகவும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, “டேங்க் மேல ஒரு டப்பா கட்டி வெச்சிருந்தாரு. அதுக்கு ஒண்ணும் ஆவல. தொறந்து பார்த்தேன், பல்லி மாதிரி ஒண்ணு இருக்குது. ஒரு கீறல் இல்லம்மா” என்றார்.

அது பல்லி இல்லை, டைனோசர். ஆனால் அவர்கள் ஊரிலும் எல்லோரும் அதைப் பல்லி என்றுதான் சொன்னார்கள். மதியம் நதியாவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அவளுடைய அண்ணன் மணிவேலுக்கு முப்பத்தாறு வயது. சாமை விளையும் இரண்டு ஏக்கரும் நான்கு புளியமரமும் உள்ள வீட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் மலையிறங்கி, வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தான். ஷூவின் அடிப்பாகத்துக்குப் பசை தடவும் வேலை. பசை ஓரத்தைத் தாண்டி ஒரு மயிரிழை வழிந்தாலும் அந்த ஷூ கழிவுக்குப் போய்விடும். அவன் கைபட்டது ஒன்றும் கழிவுக்குப் போனதில்லை என்று மேஸ்திரியே சொல்வாராம்.

முதலாளியின் மகன் ஃபஹத்துக்கு ஒரு கிறுக்கு இருந்தது. வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் மாடல் டப்பாக்கள் வரவழைப்பான். லாரி, விமானம், பீரங்கி வண்டி. டப்பாவுக்குள் இருப்பது வண்டி இல்லை, இருநூறு முந்நூறு துண்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, பிசிறு தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, உள்ளங்கையில் நிற்கும் ஒரு வண்டியாக ஆக்க வேண்டும். ஃபஹத்துக்கு ஆசை இருந்த அளவுக்குப் பொறுமை இல்லை. அவன் ஒட்டிய முதல் லாரியின் முன்கண்ணாடியில் பசையோடு கட்டைவிரல் ரேகையும் பதிந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து மணிவேலிடம் நீட்டினான்.

“நீ பசைக்காரன்தானே மணிவேலு. இத எடுக்க முடியுமா பாரு.”

பல்பொடி, பற்பசை என்று எதையெதையோ வைத்து இரண்டு நாள் தேய்த்து, கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் துலக்கிக் கொடுத்தான். அடுத்த டப்பா பிரிக்காமலே அவனிடம் வந்தது. அதற்கடுத்ததும். பதிமூன்று வருடத்தில் எத்தனை என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. ஊசிமுனையில் பசை தொட்டு ஒட்டினான். அணில்வால் மயிரில் பிரஷ் கட்டினான். புது வண்டிபோல இருந்தால் பொம்மை என்று தெரிந்துவிடும் என்று, சொந்த நிலத்துச் செம்மண்ணைப் பழைய வேட்டியில் சலித்து, ஊதினால் பறக்கும் தூளாக்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் பூசினான். அந்தத் தூசிக்காகவே சென்னையிலும் பெங்களூரிலும் மெடல் கொடுத்தார்கள். மாடல் செய்கிறவர்கள் நடுவில் அதற்கு ‘ஃபஹத் தூசி’ என்று பெயர். மெடல் ஃபஹத் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

கம்பெனியில் சேர்ந்த ஒன்பதாவது வருடம் மணிவேலின் பாதங்கள் மரத்துப்போயின. ஒருநாள் ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருக்கிறான். பசையின் ஆவி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் வேலூர் டாக்டர். கம்பெனி அவனை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தது. மலைக்குத் திரும்பினான். டப்பாக்கள் மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறி வந்தன.

ஊரில் அவனுக்குப் பொம்மக்காரன் என்று பேர். ஒருமுறை பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து, “மாப்ள இன்னா பண்றாரு?” என்று கேட்டார்கள். சித்தப்பா சின்னதம்பி முந்திக்கொண்டு, “லாரிக்குத் தூசி பூசறாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீ குடித்து முடித்துப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

நதியாவும் அவனை விட்டுவைத்ததில்லை. “தூசி நீ பூசற, மெடல அவன் மாட்டிக்கறான். உனக்கு ரோசமே கெடையாதாண்ணா?” என்பாள்.

“எனக்கு இன்னாத்துக்கு மெடலு? டப்பா வருதில்ல.”

ஒரே ஒருமுறை, கையில் இருந்த சக்கரத்தைத் தேய்த்தபடி, அவளைப் பார்க்காமல் வேறு ஒன்று சொன்னான். “கண்காட்சியில ஒவ்வொரு பொம்ம முன்னாலயும் ஒரு அட்ட வெப்பாங்க நதியா. செஞ்சவன் பேரு போட்டு. ஒரு தபா, ஒரே ஒரு தபா, அதுல எம்பேரு இருந்தா போதும்.”

அதற்குப் பிறகு அவள் கேலியைக் குறைத்துக்கொண்டாள் என்று எழுதலாம். குறைக்கவில்லை.

போன மார்கழியில் டைனோசர் வந்தது. ஒன்றரை அடி நீளம். இதுவரை வந்ததெல்லாம் கெட்டி பிளாஸ்டிக். இது வினைல், ரப்பர்போல் வளைவது. மணிவேலுக்குப் புதுசு. வழக்கமான பசை பிடிக்கவில்லை. உடனே ஒட்டும் பசையைத் தேடிப் பிடித்தான். துண்டுகளைக் கொதிநீரில் முக்கி, இளகியபின் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தினான். நாளாவட்டத்தில் கால் மடங்காமல் இருக்க உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினான். எல்லாவற்றையும் யோசித்தவன் பெயிண்டை மட்டும் யோசிக்கவில்லை. பதிமூன்று வருடம் கைகொடுத்த அதே எண்ணெய் பெயிண்ட். செதில் செதிலாக மூன்று பச்சை, வயிற்றுக்குச் சந்தன நிறம்.

காயவில்லை.

மலையில் மார்கழியில் எதுவும் சீக்கிரம் காயாது. துணி மூன்று நாள் எடுக்கும், பெயிண்ட் நான்கு நாள் எடுக்கும். கீழே உள்ளவனாக இருந்தால் பத்தாம் நாளே எங்கோ தப்பு என்று தெரிந்திருக்கும். மணிவேல் பனியைத் திட்டிக்கொண்டு காத்திருந்தான். பகலில் வெயிலில் வைத்தான், சாயங்காலம் அடுப்பு ஓரத்தில் வைத்தான். தை முடிந்தது, மாசி பிறந்தது. தொட்டால் பலாப்பழம் அறுத்த கைபோல் ஒட்டியது. அம்மா மாதம்மாள், “பல்லிக்கு வேர்க்குதுடா” என்றாள். வினைலுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து அந்தப் பெயிண்டைக் காயவே விடாது என்பதும், தண்ணீரில் கரையும் பெயிண்டைத்தான் பூச வேண்டும் என்பதும் டப்பாவிலேயே ஜப்பான் மொழியில் அச்சாகியிருந்தது. படித்துச் சொல்ல ஆளில்லை. ஃபஹத் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்திருக்கலாம். அவன் படித்ததும் கண்காட்சி தொடங்கிய பிறகுதான்.

வேலூரில் ஒரு மண்டபத்தில் மாடல் சங்கத்தின் கண்காட்சி, சனிக்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிறு வரை. ஃபஹத் இடம் பதிந்துவிட்டான். ஈரத்தோடே எடுத்துப்போய் வைத்தான். முதல் நாளே மேசை விரிப்பின் பஞ்செல்லாம் அதன் வயிற்றில் ஒட்டியது. நடுவராக வந்தவர் தூக்கிப் பார்த்தார். அவருடைய ஐந்து விரலும் முதுகில் பதிந்தன. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே, “என்ன ஃபஹத் இது?” என்றார்.

“இது என்னோடது இல்ல சார். நம்ம ஆளு மணிவேலு பண்ணது” என்றான் ஃபஹத். சொன்னதோடு நிற்கவில்லை. அட்டையையும் மாற்றி எழுதி வைத்தான். ‘மணிவேல், ஜவ்வாது மலை.’

அன்று சாயங்காலம் அந்தப் படத்தை மணிவேலுக்கு அனுப்பினான். கீழே சிரிப்புப் பொம்மை இரண்டு போட்டு, ‘பேரு வந்துடுச்சி பாரு’ என்று எழுதியிருந்தான். மணிவேல் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெயரைப் பார்த்தான். பிறகு முதுகைப் பார்த்தான். நதியா சிரித்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் டைனோசரைத் திரும்ப எடுத்து வந்தான். ஃபஹத் தடுக்கவில்லை. “வியாழக்கிழமக்குள்ள வெச்சிடு. வெள்ளிக்கிழமை புக்குக்குப் போட்டோ புடிக்கறாங்க. இல்லன்னா மொத நாளு எடுத்த படத்தத்தான் போட்டுருவாங்க” என்றான். சங்கம் வருடாவருடம் போடும் படப் புத்தகம் அது.

நான்கு நாள். டர்பன்டைனும் சோப்பும் பழைய பல்பிரஷ்ஷுமாக மூன்று பச்சையையும் உரித்தான். பள்ளிக்கு வாங்கியிருந்த, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் டியூப்களை நதியா கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரத்தில் அவள் அவனுக்குச் செய்த ஒரே நல்லது. முதல் பூச்சு அரைமணியில் காய்ந்தது. அவன் அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

வியாழன் மதியப் பஸ் வரவில்லை. பன்னிரண்டரைக்கு அவளுக்குப் போன் செய்தான்.

“பஸ் இல்ல நதியா. ஸ்கூட்டி எடுத்துனு வந்து என்னக் கண்ணமங்கலத்துல வுட்டுடு. அங்கருந்து நான் போய்க்கறேன்.”

“எனக்கு கிளாஸ் இருக்குது.”

“அரை நாளு லீவு சொல்லேன். இன்னைக்கு வெக்கலன்னா அந்தப் படந்தான் புக்குல வரும். எம்பேரு போட்டு.”

“ஒரு பல்லி பொம்மைக்கு நான் லீவு போடணுமா? எல்லாரும் சிரிக்கறது போதாதாண்ணா?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கினான். கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் அவனுக்குத் தெரியும். பிரேக்கைக் காலால் மிதிக்கிற வண்டி அது. சித்தப்பாவுக்கும் அது தெரியும். “மெதுவா போ” என்று சாவியைக் கொடுத்தார். வளைவுக்கு மேலே ஆடு மேய்த்தவர் ஒருவர், வலது கால் பிரேக்கில் இல்லாமல் பக்கத்தில் தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அன்று காலையிலேயே நதியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், டப்பாவை மட்டும் கொடுங்கள், வேலூரில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணன் பொணம் இன்னும் ஆஸ்பத்திரில கெடக்குது, உனக்குப் பொம்ம வேணுமா? வண்டியில இருந்த எல்லாம் கேஸ் சொத்தும்மா.” பின்னால் மேசைமேல் டைனோசர் வாசலைப் பார்த்து நின்றிருந்தது. அதன் கழுத்தில் யாரோ ஒரு விசிலை மாட்டியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃபஹத் வந்தான். கண் சிவந்திருந்தது, பொய்யாக அழுதவனாகத் தெரியவில்லை. உறையிலிருந்து வழவழப்பான புத்தகத்தை எடுத்து, முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து மாதம்மாளின் மடியில் வைத்தான். “அண்ணன் பேரு புக்குல வந்திருக்குதும்மா.”

முழுப் பக்கம். வயிற்றில் பஞ்சு, முதுகில் ஐந்து விரல். கீழே மணிவேலின் பெயர்.

“இது அவன் சரிபண்றதுக்கு முன்னாடி எடுத்தது” என்றாள் நதியா.

“அச்சாயிடுச்சே டீச்சர்.”

“மத்த பக்கத்துல உங்க பேருல லாரி, பிளேனெல்லாம் இருக்குதே. அதெல்லாம் யாரு பண்ணதுன்னு அவங்களுக்குச் சொல்லுங்க. அது போதும்.”

ஃபஹத் டீ டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். குடித்து முடித்தான். செருப்பை மாட்டும்போது, குரலைத் தணித்து, “கேக்கக் கூடாது, இருந்தாலும் கேக்கறேன். அண்ணங்கிட்ட குடுத்திருந்த தண்ணி லாரி எந்த அளவுல இருக்குது? பெங்களூர் கண்காட்சிக்குப் பதிஞ்சிட்டேன்” என்றான். லாரி முடிந்திருந்தது, தூசி உட்பட. நதியா உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாதம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகன் பெயர் அச்சில் வந்த தாளைப் போளூரில் சட்டம் போட்டு வாங்கிவரச் செய்து, சுவரில் மாட்டி, மாலையும் போட்டாள். வருகிறவர்களிடம் காட்டினாள். பார்த்தவர்கள் முதுகில் இருந்த விரல்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்து நதியா அதைத் திறந்தாள். மாதம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரையும் பார்த்தாள். “இது வேற பல்லியா?” என்றாள்.

நதியா முதுகில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். ஒட்டவில்லை. டப்பாவின் மூலையில் ஒரு மெல்லிய பிரஷ்ஷும் கறுப்பு டியூப் ஒன்றும் துணியில் சுற்றியிருந்தன. வண்ணம் பூசும்போது அவன் பொம்மையை இடது காலைப் பிடித்துத்தான் தூக்குவான். அதனால் அந்தக் காலை மட்டும் கடைசிக்கு வைப்பான். அதில் மூன்று நகங்கள். ஒன்றுக்குத்தான் கறுப்புப் பூசியிருக்கிறது.